பட்டணத்தில் ஒரு பகற்பொழுது

மழை பொய்த்த வருஷத்தில் திருச்சுழிச் சீமைப் புஞ்சையிலிருந்து ஒன்றும் வராது. ஆசிரியர் சம்பளமோ வீட்டு வாசலைத் தாண்டாது. ஆயினும் சென்னையின் கன்னிமாரா நூலகத்தைக் காட்டுவதாக மகளுக்கு அளித்த வாக்கு இரண்டு கோடைகளாக நிலுவையில் நின்றது. அருப்புக்கோட்டையில் மூவரும் இரவு ரயிலேறி, விடியலில் எழும்பூர் சேர்ந்தோம்.

விடுதியில் ஒரு நாள் ஜாகைக்கு 1,800 ரூபாய் கேட்டார்கள், கும்பிட்டு வெளியேறினோம். ரயிலடியிலேயே நீராடி, 2013-ல் ஏற்பட்ட அம்மா உணவகங்களில் ஒன்றைத் தேடிச் சென்று இட்லி உண்டோம். இட்லி ஒரு ரூபாய். தண்ணீர்ப் புட்டியோ 20 ரூபாய்! எங்கள் கரிசலில் குடம் சுமந்து நெடுவழி நடப்பவள்கூட வழிப்போக்கனுக்கு வார்த்த நீருக்குக் காசு கேளாள்.

நூலகம் நடைதூரந்தான். 1896-ல் திறக்கப்பட்டது. 1954-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பயனாக, இந்தியாவில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இங்கே வந்து சேரவேண்டும். எங்கள் பள்ளியிலோ ஒரே அலமாரி, அதற்கும் பூட்டு. இங்கே மகள் ஒரு மேஜையருகே அமர்ந்தவள் உச்சிப்பொழுது கடந்தும் எழவில்லை. பக்கத்திலிருந்த அருங்காட்சியகத்தை நாங்கள் இருவர் மட்டுமே பார்த்து வந்தோம்.

மாலையில் அழைத்தபோது, “பாதிதான் படித்தேன், அப்பா. நாளையும் வரலாமா?” என்றாள்.

அவள் தாய் சுருக்குப்பையை அவிழ்த்து இருமுறை எண்ணினாள். பின்னர் எழும்பூருக்கு நடந்தோம்.