வெண்வலையின் ஒளி

பள்ளிப்பட்டுத் தெருக்களில் சஹர் வேளையில் பெட்ரோமாக்ஸ் ஏந்தி வந்தோரை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். அவ்வெண்ணொளி மண்ணெண்ணெயின் கொடை எனவே பலரும் எண்ணினர். உண்மையில் ஒளிர்ந்தது மேண்டில்; அதன் நூல் எரிந்தபின் எஞ்சும் நுண்படிகக் கூடு! அதில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு. ஒரு பங்கே சீரியம் என்னும் லாந்தனைடின் ஆக்சைடு. தோரியம் மட்டும் இருப்பின் ஒளி மங்கலே. சீரியத்தை மிகுத்தாலும் ஒளி குன்றும் என்பதே எம்மை வியக்கச் செய்வது.

ஆஸ்திரியரான அவுவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் லாந்தனம் கலந்து செய்த வலை பச்சையொளி தந்து தோற்றது. 1891இல்தான் இவ்விகிதம் கைகூடியது. இரு தனிமங்களும் செறிந்த மோனசைட்டு மணலை 1909இல் செருமானியர் ஷோம்பர்க் அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சியில் கண்டறிந்தார். மேண்டிலுக்காகவே அது கப்பலேறியது. கடையில் காசு கொடுத்து மேண்டில் வாங்கிய நம்மவரோ, அதன் மூலப்பொருள் நம் குமரிக்கரையில் கால்பட மிதிபடுவதை அறிந்திலர்.