கீறல் சொன்ன செய்தி

கீழக்கரைக் கடற்கரைக்குச் செல்ல நேர்ந்தால், கரையேற்றிய வள்ளங்களின் அடிப்புறத்தையும் சற்றுக் குனிந்து பாருங்கள்.

அங்கு ஒரு வள்ளத்தில் நான் கண்ட கீறல்களுக்கு, மணலில் இழுத்ததே காரணமென எண்ணினேன். முதிய சம்மாட்டி ஒருவர் மறுத்தார்: "தம்பி, மணல் தேய்த்தால் தடம் அடிக்கட்டையோடு நேராகப் போகும். நங்கூரக் கயிறு அணியத்தில்தான் உரசும். இதுவோ பக்கவாட்டில், ஆழம் மாறி மாறி, வெள்ளைத் துகள் ஒட்டிக் கிடக்கிறது. நீர் வற்றிய வேளையில் பாரில் உரசியிருக்கிறது."

பார் என்பது பவளப்பாறை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே இருந்த 21 தீவுகளைச் சூழ்ந்த இப்பகுதி, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையை அலையினின்று காப்பவை இப்பார்களே. முன்னாளில் அவற்றை வெட்டியெடுத்தமையும் ஒரு காரணமாக, கீழக்கரைத் தீவுக் கூட்டத்தின் பூவரசன்பட்டித் தீவு நீரில் மூழ்கிவிட்டது.

வள்ளத்தின் கீறலை ஒருநாள் பூச்சில் மறைத்துவிடலாம். திரண்ட பவளமோ ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்வதே அரிது. ஆதலின், "நீர் ஏறட்டும், பொறுங்கள்" என்று சம்மாட்டி சொன்னால், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.