நியோ இல்லாத மேட்ரிக்ஸ்

மேட்ரிக்ஸ் பத்தி இனிமே எழுத என்னய்யா இருக்குன்னு அடிக்க வராதீங்க. படங்களை விட்டுடலாம். நான் சொல்ல வந்தது 2003 ஜூன்ல டிவிடியா வந்த 'அனிமேட்ரிக்ஸ்'. மொத்தம் ஒன்பது அனிமேஷன் குறும்படங்கள். நாலுக்குக் கதை வச்சோவ்ஸ்கிகளே எழுதினது, மத்த அஞ்சும் மத்தவங்க கற்பனை.

முதல் படத்துல மார்ஃபியஸ் போற போக்குல ஒண்ணு சொல்வார். சண்டையை யார் ஆரம்பிச்சதுன்னு தெரியாது, ஆனா வானத்தை எரிச்சது நாமதான்னு. மஹிரோ மயேடாவோட 'செகண்ட் ரினைசான்ஸ்' அந்த ஒத்த வரியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பாகமா விரியுது. தன்னை அழிக்க நினைச்ச முதலாளியை ஒரு வேலைக்கார ரோபோ கொன்னுடுது. கோர்ட்ல கேட்டா, எனக்குச் சாக இஷ்டமில்லைங்குது. அவ்வளவுதான். அதுவரைக்கும் மனுஷங்க கட்சியில இருந்த எனக்கு உட்கார்ந்த இடத்துலயே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் இயந்திரங்கள் தனியா ஒரு நாடு கட்டி, ஐ.நா. சபையில இடம் கேட்டு, அதையும் மறுத்துடறாங்க. சூரிய சக்தி கிடைக்கக் கூடாதுன்னு வானத்தை மூடினதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

'ஃபைனல் ஃப்ளைட் ஆஃப் த ஓசைரிஸ்' பார்க்க அழகு, ஆனா ரெண்டாவது படத்துக்கு முன்கதைச் சுருக்கம், அவ்ளோதான்.

என் ஓட்டு கோஜி மோரிமோட்டோவோட 'பியாண்ட்'டுக்கு. டோக்கியோல காணாமப் போன பூனையைத் தேடி யோகோன்னு ஒரு பொண்ணு பாழடைஞ்ச கட்டடத்துக்குள்ள போறா. அங்கே மேட்ரிக்ஸ்ல ஏதோ கோளாறு. உடைஞ்ச பாட்டில் திரும்ப ஒட்டிக்குது, வெயில்ல மழை பெய்யுது. பசங்க உயரத்துலேர்ந்து குதிச்சா தரையில மோதாம அந்தரத்துல நிக்கறாங்க. படத்துல நியோ படாத பாடு பட்டுக் கத்துக்கிட்ட வித்தை, இதுகளுக்கு சாயங்கால விளையாட்டு :-)

கூட பார்த்த நண்பன், "இதுல நியோ எங்கடா?"ன்னான். வரலை, அதுதான் எனக்குப் பிடிச்சுதுன்னேன். போர் இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை. சிறையில இருக்கோம்னே தெரியாத குழந்தைங்களுக்கு ஒரு ஓட்டை வழியா கொஞ்சம் சந்தோஷம் கசியுது.

அதுக்கும் ஆள் வந்துடறாங்க, லாரியோட. மறுநாள் பசங்க வந்து பார்த்தா அந்த இடம் பார்க்கிங். நேத்து பண்ணினதெல்லாம் திரும்பச் செஞ்சு பார்க்கறாங்க, ஒண்ணும் நடக்கலை. போரடிச்சு ஆளுக்கொரு பக்கமா கிளம்பிடறாங்க.