மண்ணுக்குள் பிளாஸ்டிக், வெயிலில் இரும்பு

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. நல்ல தண்ணி உண்டு, உப்புத் தண்ணி உண்டு. நல்ல தண்ணி என்றால் சிறுவாணி. பாலக்காடு மாவட்டத்து மலைக்காட்டில் தேங்கி, மலையைக் குடைந்த வழியாக இந்தப் பக்கம் இறங்கி வருவது. குடித்தால் இனிக்கும் என்று வெளியூர் உறவுக்காரர்களிடம் பெருமையடிப்போம். உண்மையில் இனிப்பெல்லாம் இல்லை. உப்பு அனேகமாக இல்லை, அதுதான் நாக்குக்கு அப்படித் தெரிகிறது. உப்புத் தண்ணி வீட்டு போரிலிருந்து வருவது. துவைக்க, குளிக்க, பாத்திரம் விளக்க. அதில் சோப்பு நுரைக்காது. பாத்திரத்தை அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

பேரூர் ரோட்டை ஒட்டிய தெருவில் இருந்த எங்கள் வீட்டில் இந்த இரண்டு தண்ணீரும் ஒரே ரகக் குழாயில்தான் ஓடின. துத்தநாகம் பூசிய இரும்பு. ஊர் வாயில் ‘ஜி.ஐ. பைப்’. அப்பாரு வீடு கட்டியபோது போட்டது. 1980களின் நடுவில், நான் நடுநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்தக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க ஆரம்பித்தன.

முதலில் மக்கர் செய்தது உப்புத் தண்ணி. குளியலறைச் சுவரில் ஈரம் படர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. காலையில் முதலில் குழாயைத் திறப்பவருக்குச் செம்மண் கரைசல்தான் கிடைக்கும். என் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் பழுப்புத் திட்டுகள் விழுந்தன. அம்மா அதை நீலம் போட்டு மறைக்கப் பார்ப்பாள். அடுத்து நல்ல தண்ணி. அடுத்த வீட்டில் குடம் சளசளவென்று நிரம்பும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். எங்கள் வாசல் குழாயிலோ நூல் பிடித்தாற்போல் வரும். ஒரே தெரு, ஒரே மெயின். ஆக, கோளாறு எங்கள் வீட்டு எல்லைக்குள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்பா ஒரு பஞ்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். நட்டு போல்ட்டுக்குக்கூட மூன்று கடையில் விலை கேட்காமல் நகரமாட்டார். அவர் கூட்டிவந்த பிளம்பர் மில்லில் ஒப்பந்த வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். வந்ததும் அவர் விலை சொல்லவில்லை, பட்டியல் போடவில்லை. இரண்டு லைனிலும் ஒவ்வொரு சாண் துண்டை வெட்டியெடுத்தார். ஆக்சா பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து திண்ணையில் வைத்தார்.

அந்த நாலு துண்டுகளும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. உப்புத் தண்ணிக் குழாய்க்குள் கறையான் புற்று போலத் துருவும் காரையும் மேடு மேடாக எழும்பியிருந்தன. நடுவில் ஒரு பென்சில் நுழையலாம், அவ்வளவே வழி. மேடுகளுக்கு அடியில் சுரண்டினால் இரும்பு குழிவிட்டிருந்தது. நல்ல தண்ணிக் குழாயில் காரையே இல்லை. உள்ளே பழுப்பாக ஒரு படலம், அங்கங்கே சின்னச் சின்னத் துருக் கொப்புளங்கள். ஆனால் வெளிப்புறம், மண்ணில் புதைந்த பக்கம், மோசமாக அரித்திருந்தது. இணைப்புக்குப் பக்கத்திலோ உள்ளும் புறமும் துரு முற்றி வழியையே அடைத்துவிட்டது. ஒரே இரும்பு, ஒரே வயது, இரண்டு விதமான சாவு.

“இரும்பு கெட்டது இல்லீங்க சார். இந்தத் தண்ணிக்கும் இந்த மண்ணுக்கும் அது ஆவாதுங்க” என்றார் பிளம்பர்.

அதிலிருந்து வீட்டில் தர்க்கம் ஓய்ந்தபாடில்லை. ஈசிசேரில் சாய்ந்திருந்த அப்பாருவுக்கு இரும்பைத் தவிர எதுவும் குழாயே அல்ல. “பிளாஸ்டிக் வாளியே ரெண்டு வருசம் தாங்கறதில்ல, அதைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள பொதைக்கறேங்கற. எலி கடிச்சுப்போடும்டா” என்பார். தெருவில் ஓடும் வார்ப்பிரும்பு மெயின் வெள்ளைக்காரன் காலத்துது, அது கெட்டுப்போச்சா என்று கேட்பார். அப்பா பொறுமையாக, “அது வேறங்கய்யா, அதோட கனமே நம்ம பைப்பைவிடப் பல மடங்கு. துருப்பிடிச்சாலும் திங்கறதுக்கு அதுல நிறைய இரும்பு இருக்குது” என்பார். ஆத்தா மட்டும் கட்சி சேரவில்லை. அவளுக்குக் குடம் நிறைந்தால் போதும்.

இரும்பே போடுவதானாலும் எந்த இரும்பு என்ற கேள்வி இருந்தது. ஜி.ஐ. குழாயில் மூன்று வகுப்பு: ஏ, பி, சி. மஞ்சள் பட்டை, நீலப் பட்டை, சிவப்புப் பட்டை. அரை இஞ்ச் குழாய் என்றால் மூன்றுக்கும் வெளிச்சுற்று ஒன்றேதான், கனம்தான் மாறும். ஏ வகுப்பின் சுவர் 2 மில்லிமீட்டர். பி இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். சி மூன்றே காலை ஒட்டி வரும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்டோர்ஸ்காரரான அப்பாவுக்குத் தெரிந்த வித்தை, பட்டையை நம்பாமல் எடை போடுவது. 20 அடி நீளமுள்ள அரை இஞ்ச் பி வகுப்புக் குழாய் ஏழு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கவேண்டும். ஆறுகூட வரவில்லை என்றால் யாரோ மஞ்சளின்மேல் நீலம் அடித்திருக்கிறார்கள். நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் அவர் தராசு கேட்டபோது கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. எடை சரியாகத்தான் இருந்தது.

கனத்தின் அருமை மரை போடும்போதுதான் விளங்கும். அரை இஞ்ச் குழாயில் ஓர் அங்குலத்துக்கு 14 மரை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஆழம். இரண்டு மில்லிமீட்டர் சுவரில் அத்தனை ஆழத்துக்குக் கீறினால் மிச்சம் என்ன இருக்கும்? போதாததற்கு, கீறிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது. அதனால்தான் இரும்புக் குழாய் நடுவில் கெடுவதைவிட முடிச்சில், எல்போவிலும் டீயிலும் சாக்கெட்டிலும், முதலில் கெடுகிறது. பித்தளைக் குழாயை நேரே இரும்பில் திருகிய இடங்களில் இன்னும் சீக்கிரம். பிளம்பர் இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லவில்லை. பழைய லைனின் முடிச்சுகளை வரிசையாகக் கழற்றி வைத்தார், பார்த்துக்கொண்டோம்.

பி.வி.சி. அப்போது தோட்டங்களில்தான் அதிகம். கிணற்று மோட்டாரிலிருந்து வாய்க்காலுக்கு நீர் கொண்டுபோகும் சாம்பல் நிறக் குழாய். வீட்டுக்குள் போடுவோர் குறைவு, போட்டவர்களை ஊர் கஞ்சன் என்றது. அதன் மேலுள்ள ‘6 கிலோ’, ‘10 கிலோ’ என்ற எழுத்தைப் பார்த்து அது குழாயின் எடை என்று நினைத்தவர்களும் உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று பொருள். அப்பா பழைய காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார்: தண்ணீர் முப்பத்து மூன்றடி உயரம் நின்றால்தான் ஒரு கிலோ அழுத்தம். எங்கள் மாடித் தொட்டியின் உயரத்துக்கு அதில் முக்கால்கூட வராது. ஆக, 10 கிலோக் குழாய்க்கு எங்கள் தண்ணீர் ஒரு பாரமே இல்லை. அப்பாரு அந்தத் தாளைத் திருப்பிப்போட்டு முன்பக்கத்து முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பி.வி.சி.யின் பகை உள்ளே ஓடும் தண்ணீர் அல்ல, வெளியே அடிக்கும் வெயில். அடுத்த தெருவில் ஒரு மொட்டை மாடியில் யாரோ அதைத் திறந்தவெளியில் படுக்கப் போட்டிருந்தார்கள். பிளம்பர் அப்பாவை அங்கே அழைத்துப்போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். குழாய் பாம்பாக நெளிந்து தொங்கியது. நிறம் வெளுத்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை அவர் சுண்டினார், பிஸ்கட்டாய் உடைந்தது. 20 அடிக் குழாய் பத்து டிகிரி சூடேறினால் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளும். இரும்பு நீள்வது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இன்னொரு குறை, வாசல் குழாய்க்கு அது ஆகாது. பித்தளைக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது குழாயில் ஒரு இடி விழாமல் எந்த வீட்டிலும் விடிவதில்லை. இரும்பு அதைச் சட்டை செய்யாது. பிளாஸ்டிக் ஒருநாள் முறியும்.

திரும்பி வரும் வழியில்தான் பிளம்பர் தீர்ப்பைச் சொன்னார். “மண்ணுக்குள்ள பிளாஸ்டிக்குங்க, வெய்யில்ல இரும்புங்க. உப்புத் தண்ணி மட்டும் சுவத்துக்குள்ளயும் பிளாஸ்டிக்கு.” மில் ஸ்டோர்ஸில் தடிமனான அட்டவணைகளோடு மல்லாடிய அப்பா, ஒரு நிமிடம் நின்று, “சரி மேஸ்திரி” என்றார்.

அந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்கு இப்போதும் மாற்றிச் சொல்லத் தோன்றாதது. மண் வெயிலை மறைத்துக்கொள்ளும், இடியும் விழாது, அங்கே பி.வி.சி. நிம்மதியாகக் கிடக்கும். மண்ணின் உப்பு அதை ஒன்றும் செய்யாது. தரைக்கு மேலே வந்த இடத்தில் இரும்பு வலுவாக நிற்கும். துருப்பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும், கழற்றி மாற்றலாம். மீட்டரிலிருந்து முக்கால் இஞ்சில் கொண்டுவந்து, ஒவ்வொரு குழாய்க்கும் பிரியும் இடத்தில்தான் அரை இஞ்சுக்குக் குறைக்கவேண்டும் என்பதிலும் அவர் கறாராக இருந்தார். முழு நீளத்துக்கும் அரை இஞ்ச் போட்டால், சமையலறையில் திறக்கும்போது குளியலறையில் நின்றுவிடும்.

வேலை நடந்த நாட்கள் எனக்குத் திருவிழா. காங்கேயம் பக்கத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் முற்றத்திலிருந்து மீட்டர் வரை இரண்டடிக்குக் காடி வெட்டினார்கள். அடியில் கல் இல்லாமல் பொறுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் குழாய். கூரான கல் ஒன்று கிடந்தால் போதும், மேலே மிதிக்க மிதிக்க அது பிளாஸ்டிக்கைத் துளைத்துவிடுமாம். குழாயின் முனையையும் சாக்கெட்டின் உட்புறத்தையும் துணியால் துடைத்து, சொலூஷன் தடவி, கால் சுற்றுத் திருகி அழுத்திப் பிடிப்பார்கள். அது வெறும் ஒட்டு அல்ல. இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி தெரு முனை வரை போகும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம் எண்ணெய் விடுவது. பைப் வைஸில் ஜி.ஐ. குழாயை இறுக்கி, டையை மாட்டி, அரைச் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று பிளம்பர் திருப்புவார். இரும்புச் சுருள் பளபளவென்று வழியும். நான் குடுவையின் மூக்கை அழுத்தி ‘டக் டக்’ என்று எண்ணெய் விடவேண்டும். அதிகமானாலும் திட்டு, குறைந்தாலும் திட்டு. மரை முடிந்ததும் சணல் நூலை அது திருகும் திசையிலேயே சுற்றுவார்; எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். அதன்மேல் வெள்ளை ஈயப் பசை. ஆளி விதை எண்ணெயில் குழைத்த அந்தப் பசையின் வாசனை எனக்கு மிகவும் பிடிக்கும். “கைய வாயில வெக்காத கண்ணு, வெசம்” என்று அவர் சொல்வார். விசம் என்று தெரிந்தும் குடிக்கிற தண்ணீர் லைனில் ஏன் தடவினார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் அதுதான் வழக்கமாக இருந்தது.

இரும்பும் பிளாஸ்டிக்கும் சந்திக்கிற இடம்தான் கடைசித் தலைவலி. பி.வி.சி. மரையை ரெஞ்ச் போட்டு இறுக்கினால் விரிசல் விடும். அதற்குக் கையால் இறுக்கி, மேலே ஒரு அரைச் சுற்று, நிறுத்திக்கொள்ளவேண்டும். பிளம்பர் தன் ஆட்களை அந்த ஒரு வேலைக்கு விடவில்லை. ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, காடியை மூடாமலேயே தண்ணீரை விட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் கை வைத்துப் பார்த்தார். சொலூஷன் வாடை போகும்வரை வருகிற தண்ணீரைச் செடிக்கு விடச் சொன்னார். வாசல் குழாயில் குடம் நிறைந்த வேகத்தைப் பார்த்த ஆத்தா அவருக்கு இரண்டாவது தடவை காபி கொடுத்தாள். அப்பாரு மட்டும் எலிக்காகக் கொஞ்சகாலம் காத்திருந்தார்.

காலம் அப்புறம் எங்கெங்கோ போய்விட்டது. சுடுதண்ணீருக்கு பி.வி.சி. இளகும் என்பதால் கீசர் வைத்தபோது அந்த லைனுக்கு மட்டும் மறுபடி இரும்பு போட்டோம். பின்னால் வெளிர் மஞ்சள் நிற சி.பி.வி.சி. வந்து அதையும் வெளியேற்றியது. வீட்டுத் தண்ணீர் லைனுக்கான சி.பி.வி.சி. குழாய்க்கு இந்தியத் தர நிர்ணயம் 2007இல் வந்தது. தெருவில் இப்போது நீலக்கோடு போட்ட கறுப்புப் பாலிஎத்திலின் குழாய் புதைக்கிறார்கள். முடிச்சே இல்லாமல் சூடாக்கி இணைப்பது, வளைந்தும் போகும். எங்கள் முற்றத்தில் புதைத்த சாம்பல் பி.வி.சி. மட்டும் வீட்டை விற்கும்வரை ஒருமுறைகூடத் தோண்டப்படவில்லை. வாசல் இரும்பை இடையில் மாற்றினோம்.

அப்பா போட்ட கணக்கில் வராதது ஒன்று உண்டு. அந்நாளைய பி.வி.சி. குழாய்கள் பலவற்றில் சூட்டில் கெடாமல் இருக்க ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள். அது சிறிது சிறிதாகத் தண்ணீரில் இறங்கக்கூடியது. 2021இல்தான் மத்திய அரசு அதைக் கட்டுப்படுத்த விதிகள் வெளியிட்டது. பசையிலிருந்த விசத்தைப் பற்றி எச்சரித்த பிளம்பருக்குக் குழாயிலிருந்ததைப் பற்றித் தெரிய வழியில்லை.

வீட்டுக் குழாயை மாற்றப் போகிறவர்கள் விலைப்பட்டியல் வாங்கும் முன் பழைய லைனில் ஒரு சாண் வெட்டி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள். கெடுத்தது தண்ணீரா, மண்ணா, வெயிலா, முடிச்சா என்பது அதிலேயே இருக்கும். அந்தத் துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். எந்தக் கம்பெனி வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார். ஈயம் கலக்காததா என்று நீங்கள் முதலில் கேளுங்கள்.