பற்றாமலிருக்கும் குணம்

சாத்தூர் நான்கு வழிச்சாலையை ஒட்டிய பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தியதும் அந்தப் பையன் கேட்பான்: "சாதாவா, பிரீமியமா அண்ணே?" ஓராண்டு காலம் நாங்கள் இருவரும், அண்ணனும் தம்பியும், தயங்காமல் ஒரே பதிலைச் சொல்லிவந்தோம். பிரீமியம்.

வண்டி எங்கள் தந்தையுடையது. 1997ஆம் ஆண்டின் மாருதி 800. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதற்குச் சாதா பெட்ரோலைத் தவிர வேறெதையும் அவர் காட்டியதில்லை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பார். அதை அவருடைய கஞ்சத்தனம் என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. அவர் மறைந்தபின் அந்தக் கேலி எங்களுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவருக்குச் செய்யத் தவறியதையெல்லாம் அவருடைய வண்டிக்குச் செய்துவிடலாம் என்று நினைத்தோம் போலும். லிட்டருக்குக் கூடுதலாகக் கொடுத்த ரூபாய்கள் ஒருவகைத் திதிச் செலவு.

குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதியது எங்கள் தவறு, அல்லது நல்லூழ். மதுரைக்குப் போய்வர ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பலமுறை ஓடிப் பார்த்தும் தந்தை எழுதிய மைலேஜை நாங்கள் தாண்டவேயில்லை. பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் முறையிட்டோம். அவர் சிரித்தார். "தம்பிகளா, இந்த வண்டிக்கு அதெல்லாம் ஏறாது. காசுதான் புகையாப் போகுது."

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் வலிமை என்றே நாங்கள் நம்பியிருந்தோம். விளம்பரங்களும் அப்படித்தான் நம்பச் சொல்கின்றன. உண்மையில் அது ஒரு பொறுமையின் அளவு. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படுகையில் சூடேறுகின்றன. ஸ்பார்க் பிளக் தீ வைக்கும் கணத்திலிருந்து சுடர் ஒழுங்காகப் பரவவேண்டும். அதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடித்துவிட்டால் இன்ஜினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் ஓசை எழும். அதைத்தான் நாக்கிங் என்கிறார்கள். அந்த அவசரத்தை எவ்வளவு தாங்குகிறது என்பதே ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். எண் கூடுவதால் ஒரு லிட்டரில் அடங்கிய வெப்பம் கூடிவிடுவதில்லை.

இதை அம்மாவுக்கு விளக்க முற்பட்டோம். இளவயதில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டியவர் அவர். பாதி கேட்டவுடனேயே, "நல்ல குச்சி எது? பெட்டியில உரசுற வரைக்கும் பத்தாம இருக்கிறதுதானே" என்றார். குச்சியின் தலையில் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சந்திக்கும்வரை நெருப்பில்லை. முந்திக்கொள்ளும் நெருப்பு என்ன செய்யும் என்பதை இந்தக் கரிசல் பூமிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சிவகாசிப் பக்கம் ஒவ்வொரு கோடையிலும் அச்சத்துடன்தான் செய்தித்தாளைப் பிரிக்கிறோம்.

இந்தப் பொறுமையை வாங்க உலகம் ஒருமுறை பெரும் விலை கொடுத்தது. 1921இல் ஜெனரல் மோட்டார்சில் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்று நாக்கிங்கை அடக்குவதைக் கண்டறிந்தார். அந்த ஈயம் புகையாகிப் பல தலைமுறைக் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. இந்தியா 2000இல் அதைக் கைவிட்டது. கார்களுக்கான ஈயப் பெட்ரோலை உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

யாருக்கும் பிரீமியம் தேவையில்லை என்று சொல்லவில்லை. டர்போ பொருத்தியவை, அழுத்த விகிதம் மிகுந்தவை ஆகிய இன்ஜின்களுக்கு அது உதவும். 2020இல் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோல் அத்தகைய வண்டிகளை எண்ணித்தான் வந்தது. உங்கள் வண்டிக்கு என்ன வேண்டும் என்பது கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ எழுதியிருக்கும். 91 போதும் என்று அங்கே இருந்தால் போதும்தான். எங்கள் வண்டியோ 88க்கும் குறைவான பெட்ரோலில் ஓடப் பழகியது. சில பிரீமியம் வகைகளில் சேர்க்கும் துப்புரவு ரசாயனத்துக்காகக் கூட எங்களுக்கு வாதாட வழியில்லை. அது இன்ஜெக்டர்களைத் துலக்குவதற்கானது. எங்களிடம் இருப்பது கார்புரேட்டர்.

அண்ணாச்சி வேறொன்றைக் காட்டினார். 2025இல் நாடெங்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஆக்டேனை உயர்த்தும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதன் வெப்பம் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவு. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் அது நாளடைவில் அரிக்கக்கூடும். எங்கள் வண்டியின் பெட்ரோல் ஹோஸ் வெடிப்புவிட்டிருந்தது. "இதை மாத்தாம, உயர்ந்த பெட்ரோல் ஊத்தி என்ன பண்ண?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தந்தையின் கடைசி ஆண்டில் அவருக்கு விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்களை வாங்கிக் குவித்ததும், அவர் கேட்ட மூக்குக்கண்ணாடியை மாற்றித் தர மறந்ததும் நினைவுக்கு வந்தன.

ஹோஸை மாற்றினோம். அடுத்த முறை பங்கில் அந்தப் பையன் வழக்கம்போலப் பிரீமியம் குழாயை எடுத்தான்.

"சாதா போதும் தம்பி" என்றோம்.

குறிப்பேட்டில் லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதினோம், தந்தையின் கடைசிப் பதிவு இருந்த அதே பக்கத்தின் அடியில் மிஞ்சியிருந்த இடத்தில்.