ரப்பர் கை

போன மாதம் பேத்தியோடு நீச்சல்குளத்துக்குப் போயிருந்தேன். 13 வயது, மாவட்டப் போட்டிக்குத் தயாராகிறாள். தண்ணீரில் இறங்குமுன் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் ஒரு ஸ்ட்ரெச்சிங்கா? வா, தாத்தா இழுத்துவிடறேன்" என்று அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "சார், விடுங்க!" என்று ஒரு சத்தம். அங்கே வரும் பிசியோதெரபிஸ்ட் பெண். ரிட்டையர் ஆனபிறகு வெளியாளிடம் நான் வாங்கிய முதல் திட்டு!

கல்லூரி டீமில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒருவன் உட்காருவான், பின்னால் நிற்பவன் அவன் கைகளை இழுப்பான், முழங்கைகள் ஒன்றையொன்று தொடும்வரை. என் ஜோடிக்குச் சுலபமாகத் தொடும். 'ரப்பர் கை' என்றே அவனுக்குப் பெயர். எனக்குத் தொடவே தொடாது. அந்தப் பொறாமையில் அவனை இன்னும் கொஞ்சம் இழுத்ததும் உண்டு.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினார். தோள் மூட்டில் பந்து பெரிது, அது உட்காரும் கிண்ணம் ஆழமில்லாதது. சுற்றியுள்ள சவ்வும் தசைகளும்தான் பிடித்துவைத்திருக்கின்றன. நீச்சல் வீரர்கள் பலருக்கு அந்தப் பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். பின்னால் இழுத்தால் முன்பக்கச் சவ்வு இன்னும் தளரும். பந்து நிலையாக நிற்காமல், தசைநார் உரசி வீங்கும். 50 மீட்டருக்கு 40 வீச்சு என்றால் 5 கிலோமீட்டருக்கு 4000. ஒரு தோளுக்கு 2000, ஒரே நாளில். 'ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்' என்று டாக்டர்கள் 1974லேயே எழுதிவிட்டார்களாம். நான் இரண்டாம் வருஷம் படித்தபோது!

இப்போது பேத்தி செய்வது வேறு. உருளைமேல் மல்லாந்து படுத்து, கைகளைத் தளரவிட்டு, இறுகிய மார்புத் தசையை மெதுவாக நீட்டுகிறாள். பிறகு ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுத்துத் தோளுக்குப் பலம் ஏற்றுகிறாள். பார்க்கச் சுவாரசியமே இல்லை.

என் ஜோடி மூன்றாம் வருஷம் தோள்வலி என்று நீச்சலை விட்டான். சோம்பேறி என்றோம். நானும்தான் சொன்னேன்.

அன்றிரவு அவனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். "நீ இழுத்ததாலயா, நீந்தினதாலயா, யாருக்குடா தெரியும்? வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தே பல வருஷம் ஆச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவனே கேட்டான்: "பேத்திக்கு முழங்கை தொடுதாடா?"

"தொடலைடா."

"நல்லது" என்றான்.