கியர்பொக்ஸுக்கும் ஒரு முள்

எங்கட நோவா வானை விட எங்களில் ரெண்டு பேருக்கு வயது குறைவு. 90களின் கடைசியில் ஜப்பானில் செய்த டீசல் வான், ஒட்டோ கியர். கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்தும். சனி ஞாயிறிலும் லீவுகளிலும் ஹயர் ஓடும். ஓடுறது சித்தப்பா. ரயர், ஓயில், இன்சூரன்ஸ், வானை வைத்து எடுத்த கடன் என்று கணக்குப் பார்க்கிறது நாங்கள் மூன்று பேர், அண்ணன் தம்பி தங்கச்சி. இந்த வான் நின்றால் இன்னொன்று வாங்குவம் என்ற கதைக்கே இடமில்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். 2025 இல் திரும்ப விட்டபோது கூடவே வந்த வரியைப் பார்த்த பிறகு, வானுக்கு வயது போகப்போக விலை ஏறுகிற அதிசயம் எங்களுக்கு வடிவா விளங்கிச்சு.

அப்படிப்பட்ட வானின் கியர்பொக்ஸ், ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு ஏப்ரல் சீசனில், றம்பொடை ஏத்தத்தில் போனது. எட்டுப் பேர், அவையளின் பெட்டிகள், ஏசி முழுசாப் போட்டிருக்கு. இஞ்சின் இரையுது, வான் நகரேல்லை. பிறகு ஒரு கருகல் மணம். ஆட்களை வேறொரு வானில் ஏத்திவிட்டு, எங்கட வானை இழுத்துக்கொண்டு வந்து, ஜப்பானில் இருந்து வந்த பழைய கியர்பொக்ஸ் ஒன்றைத் தேடிப் போட்டு முடிக்க அந்த வருசத்து மிச்சம் முழுக்கக் கரைஞ்சு போச்சு. கழட்டின கராஜ்காரர் சொன்ன காரணம் ஒரு சொல்தான்: "சூடு."

எங்களைக் குடைஞ்சது என்னவென்றால், அந்த ஏத்தம் முழுக்க டாஷ்போர்ட்டில் இருந்த வெப்ப முள் நடுவில்தான் நின்றது. சித்தப்பா அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவார். அவர் சொன்னது சரி. அந்த முள் காட்டுறது இஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணியின் சூட்டை. கியர்பொக்ஸ் ஓயிலைப் பற்றி அதுக்கு ஒன்றும் தெரியாது. இஞ்சின் 90 பாகையில் சுகமா இருக்கேக்க கியர்பொக்ஸ் 130 இல் வெந்துகொண்டிருக்கலாம். வேகம், டீசல், தண்ணிச் சூடு எல்லாத்துக்கும் முள் வைத்தவங்கள், வானிலேயே ஆகச் செலவு வைக்கிற சாமான்களில் ஒன்றுக்கு ஒன்றும் வைக்கேல்லை. சில பெரிய ஜீப்புகளில் அதுக்கு ஒரு சிவப்பு லைட் இருக்கு. ஆனால் லைட் பத்துறது விசயம் முத்தின பிறகுதான்.

ஒட்டோ கியரில் சூடு எங்கிருந்து வருது என்று விளங்கினால்தான் மிச்சம் விளங்கும். மனுவல் வானில் இஞ்சினையும் கியரையும் கிளச் தட்டு இறுகப் பிடிக்கும். ஒட்டோவில் அந்த இடத்தில் இருக்கிறது ரோர்க் கொன்வேட்டர். ரெண்டு காத்தாடியை நேருக்கு நேர் வைத்து ஒன்றைச் சுவிச் போட்டால், அந்தக் காத்தில் மற்றதும் சுத்தும் அல்லவா, அந்த மாதிரித்தான். காத்துக்குப் பதில் ஓயில். சமதரையில் சீரா ஓடேக்க ரெண்டையும் ஒன்றாப் பூட்டிவிடுகிற ஏற்பாடு இருக்கு. ஏத்தத்தில், பாரத்தோட, மெதுவாப் போகேக்க பூட்டு விடுபடும். ஒரு காத்தாடி வேகமாச் சுத்தும், மற்றது பிந்தும். அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாக ஓயிலுக்குள் இறங்கும். அந்தச் சூட்டைக் குறைக்க ஓயில் ஒரு குழாய் வழியாக றேடியேற்றரின் தொட்டிக்குள் போய்த் திரும்பி வரும். (அந்தத் தொட்டிக்குள் வெடிப்பு வந்து தண்ணியும் ஓயிலும் கலந்தால், றேடியேற்றர் மூடியைத் திறக்க நல்லூரடி ஸ்ரோபரி ஐஸ்கிறீம் உருகின மாதிரி இருக்கும். பார்க்க வடிவு. அதோட கியர்பொக்ஸ் சரி.)

இந்த ஓயில் 80க்கும் 95க்கும் இடையில் இருந்தால் நீண்ட காலம் இருக்கும். அதுக்கு மேல ஏறேக்க, ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகைக்கும் ஓயிலின் ஆயுள் பாதியாகும் என்று மெக்கானிக்குகள் ஒரு கைக்கணக்குச் சொல்லுவினம். அச்சொட்டான விதி இல்லை, ஆனால் போக்கு அதுதான். 120ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் ஓயில் கறுக்கத் தொடங்கும், சீல்கள் இறுகும், உள்ளே இருக்கிற கிளச் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு.

ஆகவே மீற்றர் பூட்டுறது என்று முடிவெடுத்தம். செலவு, ஒரு கண்டி ஹயரில் மிஞ்சுகிற காசுக்குள் அடங்கிச்சு. மீற்றர், சென்சர், வயர், பியூஸ், ஒரு பித்தளைப் பொருத்து, நாலு கிளிப். பெரிய விவாதம் நடந்தது சென்சரை எங்க வைக்கிறது என்றதில். கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழட்டித் துளை போட்டு, அதில் மரை வைத்த நட் ஒன்றை வெல்ட் பண்ணி வைக்கலாம். அப்ப காட்டுறது தேங்கி நிற்கிற ஓயிலின் சூடு. முள் ஆடாது, ஆறுதலா ஏறி இறங்கும். இல்லாட்டில் கியர்பொக்ஸில் இருந்து றேடியேற்றருக்குப் போற றப்பர் குழாயை வெட்டி, நடுவில் மூன்று வாய்ப் பொருத்தை வைத்து அதில் சென்சரைப் பூட்டலாம். அங்க வாறது கொன்வேட்டரில் வெந்த கையோட வாற ஓயில். முள் சட்டென்று பாயும், ஆளையும் பயமுறுத்தும். நாங்கள் ரெண்டாவதைத் தெரிஞ்சம். எங்களுக்கு வேணும் என்று பட்டது முந்திக்கொண்டு வாற செய்தி. அதோட, புதுசாப் போட்ட பொக்ஸின் அடித்தட்டில் துளை போட மெக்கானிக் அண்ணை முகம் சுளிச்சார். இதால ஒன்றைக் கவனிக்கவேணும். குழாயில் 115 என்றதும் அடித்தட்டில் 115 என்றதும் ஒரே கதை இல்லை. ஒருத்தரோட ஒருத்தர் எண்ணைச் சொல்லிச் சண்டை பிடிக்க முதல், எங்க அளக்கிறியள் என்று கேளுங்கோ.

ரெண்டு குழாயில் எது சூடானது என்று பார்க்கிறது லேசு. விடியக்காலமை, வான் குளிரா இருக்கேக்க ஸ்ராட் பண்ணி ரெண்டையும் தொட்டுப் பார்க்க, முதலில் சூடாகிறது கியர்பொக்ஸில் இருந்து வாறது.

பூட்ட முதல் தங்கச்சி ஒரு வேலை செய்தாள். சென்சரை வயரோட பற்றரியிலும் மீற்றரிலும் கொழுவி, கேத்தலில் கொதிக்கிற தண்ணிக்குள் விட்டாள். முள் 100க்கு ஒரு மயிரிழை கீழ நின்றது. யாழ்ப்பாணம் கடல் மட்டம் என்றபடியால் இந்தச் சோதனை இங்க சரிவரும். நுவரெலியாவில் செய்தால் தண்ணி 94 பாகை அளவிலேயே கொதிக்கும். அங்க முள் 100 காட்டினால்தான் பிழை.

ஆக முக்கியமானது எர்த். எங்கட சென்சருக்கு ஒரே ஒரு வயர்தான். மற்ற முனை அதன் பித்தளை உடம்பு. அடித்தட்டில் பூட்டினால் உடம்பு தானாகவே இரும்பில் முட்டும். றப்பர் குழாய்க்கு நடுவில் பூட்டினால் அது அந்தரத்தில் நிக்கும், கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அதுக்கெண்டு பொருத்தில் இருந்து வானின் சட்டத்துக்குத் தனி வயர் ஒன்று இழுக்கவேணும். இந்தச் சென்சரின் குணம், சூடு கூடக்கூட அதன் தடை குறையும். அப்ப வயர் அறுந்தால் என்ன நடக்கும்? தடை எல்லையில்லாமல் போகும், முள் குளிர்ப் பக்கம் போய்ப் படுக்கும். அதாவது பழுதான மீற்றர் "எல்லாம் சுகம்" என்றுதான் சொல்லும். இதை வாசிக்கிற ஆராவது பூட்டுறதெண்டால் இந்த ஒரு விசயத்தை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்: அரை மணித்தியாலம் ஓடின பிறகும் முள் எழும்பாட்டில் சந்தோசப்படாமல் இறங்கி வயரைப் பாருங்கோ.

சித்தப்பாவுக்கு முதல் ரெண்டு கிழமையும் இது பிடிக்கேல்லை.

"நான் முப்பது வருசமா காதாலயும் மூக்காலயும் வான் ஓடினவன். உந்தச் சின்ன வட்டம் எனக்குப் படிப்பிக்கப் போகுதோ?"

"காதும் மூக்கும் போன முறை என்ன சொன்னது சித்தப்பா?" என்று தம்பி கேட்டுப்போட்டான். வீட்டில கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. சித்தி எழும்பித் தேத்தண்ணி போடப் போட்டா.

ஆனால் சித்தப்பாவின் காதையும் மூக்கையும் நாங்கள் குறைச்சு மதிக்கேல்லை. பெல்ட் தேயுறது, பிரேக் தட்டு முடியுறது எல்லாம் அவருக்குச் சத்தத்தில் தெரியும். கியர்பொக்ஸ் ஓயில் சூடாகிறதுக்குச் சத்தம் இல்லை என்றதுதான் பிரச்சினை. மணம் வாறதுக்கிடையில் காரியம் முடிஞ்சிடும்.

மனம் மாறினது ஒரு நுவரெலியா ஹயரில். தம்பியும் முன் சீட்டில் போனான், கொப்பியோட. A9 இல் மாங்குளம், வவுனியா தாண்டும் வரை 85க்கும் 90க்கும் இடையில். மாத்தளையால் கண்டிக்கு ஏற 97. கம்பளை தாண்டி, புசல்லாவைக்குப் பிறகு முடக்குகள் நெருங்க, 104, 109, 114. றம்பொடையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால ஊரேக்க 118. சித்தப்பா ஓடி (O/D) பட்டனை அமத்தி நாலாவது கியரை வெட்டிப்போட்டு, நெம்பை 2 இல் போட்டார். இஞ்சின் இரைச்சல் கூடிச்சு. பின்னால இருந்த ஆட்கள், "அண்ணை, வான் கஷ்டப்படுதோ?" என்று கேட்டினம். முள்ளோ இறங்கத் தொடங்கி ஏழு எட்டு நிமிசத்தில் 108க்கு வந்தது. இரைச்சல் கூடினால் வான் வருந்துது என்றுதான் எல்லாரும் நினைக்கிறது. உண்மையில் கீழ்க் கியரில் கொன்வேட்டர் வழுக்குறது குறையும், ஓயிலைத் தள்ளுற பம்பும் வேகமாச் சுத்தும். அமைதியா, பெரிய கியரில் இழுபட்டுப் போறதுதான் அதுக்கு வருத்தம்.

மேல போய்ச் சேர்ந்ததும் சித்தப்பா வானை உடனே நிப்பாட்டேல்லை. பாக்கில் போட்டு, முள் 95க்கு வரும் வரை இஞ்சினை ஓடவிட்டார். ஓயில் றேடியேற்றருக்குப் போய் வந்தால்தானே ஆறும். ஆட்கள் இறங்கிக் குளிருக்குக் கையைத் தேய்ச்சுக்கொண்டு நிக்க, அவர் மட்டும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தவராம்.

இப்ப வீட்டில் புதுப் பிரச்சினை. முந்தி ஹயர் போனால் சித்தி "சாப்பிட்டியளோ?" என்றுதான் போன் எடுப்பா. இப்ப முதல் கேள்வி, "எத்தனையில போகுது?" அவர் "தொண்ணூத்தஞ்சு" என்றால்தான் அவவுக்கு நித்திரை. முந்தித் தெரியாமல் இருந்த பயத்துக்கு இப்ப ஒரு எண் கிடைச்சிருக்கு. அது நல்லதோ என்று எங்களுக்குள்ளேயே ஒத்த முடிவில்லை. தங்கச்சி, மீற்றர் வந்தபிறகு வீட்டில் நிம்மதி குறைஞ்சு போச்சு என்கிறாள். தம்பி, முந்தி இருந்தது நிம்மதியே இல்லை என்கிறான்.

முள் சூட்டைக் குறைக்காது என்றதில் மட்டும் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. றேடியேற்றருக்கு முன்னால காத்துப் படுகிற இடத்தில் தனியா ஒரு ஓயில் கூலர் வைக்கவேணும். பஞ்சிகாவத்தையில், பழைய ஜீப் ஒன்றில் கழட்டினது இருக்குதாம். சொல்லி வைத்திருக்கிறம். கடனில் இன்னும் பதினாலு மாசம் கட்ட இருக்கு, ஓகஸ்ட் லீவுக்கு ரெண்டு நுவரெலியா ஹயர் பதிஞ்சும் இருக்கு. கூலர் அதுக்கு முதல் வந்தால் அதே ஏத்தத்தில், அதே எட்டுப் பேர் பாரத்தில், முள் எங்க நிக்குது என்று பார்க்கலாம். தம்பி கொப்பியில் 118க்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறான்.